ஈயின் தோளில் கிடந்த துண்டு

ஓர் ஈ தன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டால் அதைப் பார்த்துச் சிரிக்கலாமா, கூடாதா? சிரிக்கலாம் என்றால் யார் சிரிக்கலாம்? இப்படி ஒரு கேள்வி ஒரு மனிதனின் நிம்மதியைக் கெடுக்கும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் பேசாத படங்கள் போய்ப் பேசும் படங்கள் வரத் தொடங்கியிருந்த அந்த நாட்களில், நாஞ்சில் நாட்டில் கால்வாயோரச் சிற்றூர் ஒன்றில், அறுவடை முடிந்த களத்தின் நடுவே நின்றுகொண்டு இதற்கு நான் விடை தேட வேண்டியிருந்தது. விடை தவறினால் இழப்பு எனக்கு அல்ல. வாந்திபேதி வந்துகொண்டிருந்த வழியில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கு.

திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்து, நாகர்கோவிலில் ஆசிரியர் வேலைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மாலை நேரங்களில், ஊரில் ஒரு டாக்டர் தொடங்கியிருந்த சிறிய சுகாதாரச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். செயலாளர் என்றால் பெரும்பாலும் பேச்சாளர். சிற்றூர்களுக்குப் போய், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், உணவை மூடி வையுங்கள், தடுப்பு ஊசிக்கு அஞ்சாதீர்கள் என்று பேசுவேன். மக்கள் மரியாதையாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டு மரியாதையாக எழுந்து போவார்கள். அடுத்த முறை போகும்போது கஞ்சிக் கலயங்கள் திறந்தபடியே இருக்கும். என் பேச்சில் பிழை இல்லை என்பதை நான் பலமுறை சரிபார்த்திருந்தேன். அதுதான் என்னை மேலும் கவலைப்படுத்தியது.

அந்த நிலையில்தான் தக்கலையில் கூடாரம் அடித்திருந்த ஒரு சினிமாக் கொட்டகையில், பெரிய படத்துக்கு முன்னால் ஒரு சிறிய பொம்மைப் படம் காட்டினார்கள். எங்கோ அயல்நாட்டில் வரைந்தது. பெயர் தெரியாத ஒரு பிராணி கூரையிலிருந்து விழுந்து, அப்பம்போலத் தட்டையாகி, பிறகு தன்னைத்தானே தட்டிச் சரிசெய்துகொண்டு நடந்து போனது. அவ்வளவுதான். ஆனால் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர், அந்தப் பிராணியின் மூக்கில் அடி விழுந்தபோது தம் மூக்கைப் பிடித்துக்கொண்டார். பெரிய படம் தொடங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை. கோட்டால் வரைந்த மூக்கு ஒன்றின் வலி மாம்சத்தால் ஆன மூக்குக்கு வந்து சேரும் என்றால், கோட்டால் வரைந்த ஓர் ஈயின் அழுக்கு ஏன் வந்து சேராது என்று எண்ணிக்கொண்டே வீடு திரும்பினேன்.

என் நண்பர் ஒருவர் மயிலாடிக்காரர். சிற்பிகள் வீட்டில் பிறந்தும் உளியைத் தொடாமல், நாகர்கோவிலில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில், கண்ணாடி நெகட்டிவ்களின் மேல் பென்சில் வைத்து முகங்களைத் திருத்தும் வேலையில் இருந்தவர். அம்மைத் தழும்பை அழிப்பார், தூங்கி வழியும் கண்ணைத் திறப்பார், தேவைப்பட்டால் மாப்பிள்ளையின் காதைச் சற்றே உள்ளே தள்ளுவார். ஸ்டூடியோ முதலாளி ஆசைப்பட்டு வாங்கி, பிறகு மறந்துபோன பழைய சினிமாக் கேமரா ஒன்று அங்கே கிடந்தது. அதன் கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ஒரு படம் மட்டும் விழும்படி செய்யலாம். அந்த வசதியைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. நான் ஈயின் கதையைச் சொன்னவுடன், “கல்லுல ஒரு கொத்து பிசகினா சாமியே போச்சு வே. தாளுல பிசகினா அடுத்த தாளு. இது நமக்குப் பொருத்தமான தொழிலாக்கும்” என்றார்.

அந்தத் தொழில் அப்படி இலகுவானதாக இல்லை. ஒரு கண்ணாடிப் பலகையின் கீழே விளக்கு, மேலே தாள். தாள் நகராமல் இருக்க இரண்டு ஆணிகள். ஒரு தாளில் வரைந்ததன் மேல் அடுத்த தாளை வைத்து, கீழே தெரியும் கோட்டிலிருந்து மயிரிழை விலகி மறுபடி வரைய வேண்டும். முதலில் அவர் வரைந்தது நிஜமான ஈ. ஆறு கால், மயிர், கண். கட்டாகச் சேர்த்துக் கட்டைவிரலால் விசிறிப் பார்த்தபோது அருவருப்பு வந்தது, சிரிப்பு வரவில்லை. “ஆறு காலையும் ஆட்டினா எந்தக் காலைப் பாக்கதுன்னு ஜனத்துக்குக் குழப்பம்” என்று சொல்லி நான்காகக் குறைத்தார். மிஞ்சியதில் இரண்டைக் கையாக்கினார். ஈ உட்கார்ந்தால் முன்கால்களைத் தேய்ப்பது நாம் அறிந்ததே. அந்தத் தேய்ப்பை அவர், கல்யாண வீட்டில் இலை போட்டு இன்னும் சோறு வராத நேரத்தில் ஒருவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்வாரே, அப்படி ஆக்கினார். அன்று எங்கள் ஈ மனிதன் ஆயிற்று.

நடைதான் வசப்படவில்லை. கயிறு கட்டி இழுத்த மரக்குதிரைபோல வழுக்கிக்கொண்டு போயிற்று. “பாரமே இல்ல வே, பட்டம் மாதிரிப் போறான்” என்று பல நாள் புலம்பினார். வாடிக்கையாளர்கள் தலைவாரிக்கொள்வதற்காக மாட்டியிருந்த பெரிய கண்ணாடியின் முன் தாமே நடந்து, குதித்து, மூக்கைச் சுருக்கிப் பார்ப்பார். போட்டோ எடுக்க வந்து காத்திருந்த ஒரு குடும்பம், பைத்தியம் என்று எண்ணி எழுந்து போய்விட்டது. கடைசியில் இரண்டு உண்மைகளைக் கண்டுபிடித்தார். மேலே எழும்பப் போகிறவன் முதலில் சற்றே தாழ வேண்டும். சிரிப்பு வரவேண்டிய இடத்துக்கு முன்னால் எல்லாம் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு மூன்றாவதாக ஒன்று. ஈயின் தோளில் ஒரு துண்டைப் போட்டார். ஈ ஓடி வந்து நின்ற பிறகும் துண்டு சற்றுத் தூரம் ஓடி, அதன் பின்பே தோளில் வந்து விழும். அந்த ஒரு துண்டால் ஈக்குக் கனம், வேகம், அந்தஸ்து எல்லாம் வந்துவிட்டன. தாள்களை விசிறிப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த உடனேயே, உயிர்போகும் நோயை வைத்துச் சிரிப்பு மூட்டுவது தகுமா என்ற கவலையும் வந்தது.

டாக்டருக்கும் அதே கவலைதான். தம் கண்முன் பலர் இறப்பதைப் பார்த்தவர் அவர். ஒருமுறை காட்டுங்கள், அதைப் பார்த்தவர்கள் மறுநாள் காலை ஊசிக்கு வருகிறார்களா என்று பார்ப்போம், வராவிட்டால் பொம்மையை விட்டுவிடுங்கள் என்று சொன்னார். எந்த ஊரில் என்பதையும் நோயே முடிவு செய்தது. கால்வாயின் மேற்புறத்து ஊரில் இரண்டு வீடுகளில் சாவு விழுந்திருந்தது. அதே தண்ணீர் அடுத்து வந்து சேருவது, தொடக்கத்தில் நான் சொன்ன சிற்றூருக்கு.

அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரியும். நிலக்காரர்களின் தெரு ஒருபுறம், வயலில் உழைப்பவர்களின் குடிசைகள் மறுபுறம், நடுவில் களம். முந்திய அறுவடையில் அந்தக் களத்தில்தான் ஓர் இளைஞர், நிலக்காரர் வரும்போது தோளிலிருந்த துண்டை எடுக்க மறுத்தார். பெரியவர்கள் எல்லாரும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக் குனிந்து நிற்க, அவர் மட்டும் தோளில் துண்டோடு நின்றார். அவரை அடித்தார்கள். வழக்கு எழுந்து, பிறகு எப்படியோ அடங்கியது. அதற்குப் பிறகு இரு தரப்பாருக்கும் இடையே வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை. வெளியிலிருந்து நல்லது சொல்ல வருகிறவர்களைக் குடிசைக்காரர்கள் நம்புவதும் இல்லை. திரை கட்டுவதற்கு அந்தக் களத்தைத் தவிர வேறு இடம் கிடையாது.

பிலிம் சென்னைக்குப் போய்க் கழுவி, அச்சாகித் திரும்பி வரத் தாமதமாயிற்று. காட்டவேண்டிய நாளின் காலையில்தான் பஸ்ஸில் வந்தது. ஸ்டூடியோவின் இருட்டறையில், கையால் சுற்றும் சிறிய மெஷினை வைத்துச் சுவரில் ஓட்டிப் பார்த்தோம். நண்பர் சுற்றினார், நான் நின்றேன். தோப்போரத்து அசுத்தத்திலிருந்து ஈ எழும்பியது. ஒரு குடிசை வாசலுக்கு வந்தது. உள்ளே திறந்து கிடந்தது கஞ்சிக் கலயம். ஈ கையைத் தேய்த்தது. பிறகு, நான் தாள்களில் பார்த்திராத ஒன்றைச் செய்தது. தோளிலிருந்த துண்டை மெல்ல எடுத்து, மடித்து, கக்கத்தில் இடுக்கி, முதுகை வளைத்துக் கலயத்தின் முன் குனிந்தது.

என் தகப்பனார் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். சந்தையில் குறிப்பிட்ட சிலர் எதிரே வந்தால் அவருடைய துண்டு தோளிலிருந்து கக்கத்துக்கு இறங்கும். அவர்கள் கடந்ததும் ஏறும். சிறுவயதில் அதை நான் ஏதோ விலையுயர்ந்த பொருளைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றும் முறை என்று எண்ணியிருந்தேன். அது என்னவென்று விளங்கிய நாளிலிருந்து அந்த அசைவை மறுபடி பார்க்கும் தைரியம் எனக்கு இருந்ததில்லை. இப்போது அதுவே சுவரில், ஆள் உயரத்துக்கு, மிக அழகாக, ஒவ்வொரு மடிப்பும் தெரிய நடந்துகொண்டிருந்தது.

ஏன் இதைச் செய்தீர் என்று கேட்டேன். அவர் சொன்ன காரணத்தில் குற்றம் காண முடியவில்லை. ஈ குனியும்போது துண்டு முன்னால் சரிந்து முகத்தை மறைத்ததாம். முகம் மறைந்தால் அது கஞ்சி குடிப்பதே தெரியாது. துண்டை எங்கேயாவது வைத்தாக வேண்டும். தரையில் போட்டால் மறுபடி எடுக்க நிறையத் தாள் வரைய வேண்டும். கக்கத்தில் வைத்தால் குனிவுக்கும் பொருத்தமாக இருந்தது. “பந்தியில குனிஞ்சு சாப்பிடற ஆளை நெனச்சாக்கும் வரைஞ்சேன் வே. வேற யாரையும் நெனக்கல” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மெஷின் நின்றுவிட்டது. “அந்தக் களத்துலயா காட்டப்போறோம்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

வெட்டிவிடலாம் என்றேன். வெட்டினால் வாசலில் நின்ற ஈ அடுத்த நொடி கலயத்துக்குள் நீந்தும். அழுக்குக் காலோடு உள்ளே இறங்குவதுதான் முழுக் கதையும், அது போய்விடும் என்றார். தவிர, எங்களிடம் இருந்தது ஒரே பிரதி. ஒட்டிய இடம் ஓடும்போது அறுந்தால், சூட்டில் பிலிம் தீப்பிடிக்கலாம். நெடுநேரம் வாதாடிய பின் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நான் திரையருகே கோலோடு நின்று கதை சொல்வேன். அந்த இடம் வரும்போது கோலை உயர்த்துவேன். அவர் ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் லென்ஸை மறைத்துவிடுவார். சில நொடி இருட்டு. பிறகு கஞ்சி. யாருக்கும் மனம் நோகாது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் களம் நிறைந்துவிட்டது. முன்னால் நாற்காலிகளில் நிலக்காரர்கள். சற்று இடைவெளி விட்டு, பின்னால் தரையில் குடிசைக்காரர்கள். மெஷின் கடைக்கோடியில் இருந்ததால், அதைச் சுற்றித்தான் அவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இந்த அமைப்பு எனக்கு எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில், பாய் விரித்து, நடவுக் கூட்டத்துக்குத் தலைமையான ஒரு நடுத்தர வயதுப் பெண் தன் ஆட்களோடு அமர்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், பனையில் சாய்ந்தபடி, தோளில் சிவப்புக்கரைத் துண்டோடு ஓர் இளைஞர் நின்றார். யாரும் சொல்லாமலே அவர் யாரென்று எனக்குத் தெரிந்தது.

கார்பைட் விளக்கு ஏறியது. ஈ எழும்பிப் பறந்தது, துண்டு பின்னால் பறந்தது. முதல் சிரிப்பு நாற்காலிகளிலிருந்து வந்தது. ஈ வாசலில் நின்று கையைத் தேய்த்தபோது பின்னாலிருந்தும் வந்தது. “சோறு வருமுன்னே வந்து உக்காருக கூட்டத்துல உள்ளவனாக்கும்” என்றாள் நடவுக்காரி. ஒரே நேரத்தில் இரு பக்கத்துச் சிரிப்பும் அந்தக் களத்தில் எழுந்ததை நான் கேட்டேன். எவ்வளவு மகிழ்ந்திருக்க வேண்டும். நானோ, அடுத்து வரப்போவதையே எண்ணிக்கொண்டிருந்தேன். ஈயின் கை தோளை நோக்கி எழுந்தது. நான் கோலை உயர்த்தினேன்.

திரை இருண்டது. மெஷினின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது ஈ கஞ்சியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தது. படத்தின் மிகப்பெரிய சிரிப்பு வரவேண்டிய இடம் அது. ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. அது குரல் ஆயிற்று. பனையடியில் நின்றவர்தான் கேட்டார்.

“என்னத்துக்குச் சார் மறைக்கிய?”

மெஷினில் ஏதோ கோளாறு என்று சொன்னேன்.

“மெஷினுக்கு ஒண்ணுமில்ல. இந்த அண்ணாச்சி கைய வச்சு மறச்சதை நான் பாத்துட்டுத்தான் நிக்கேன். நீங்க கம்பைத் தூக்கினதையும் பாத்தேன். எங்களுக்குக் காட்டக்கூடாதது என்ன இருக்கு அதுல?”

நண்பர் விளக்கின் முன் தகட்டை இறக்கிச் சுற்றுவதை நிறுத்திவிட்டார். களம் முழுவதும் இருள். முன்வரிசையில் நாற்காலிகள் திரும்பும் ஓசை கேட்டது. நிலக்காரர்களில் மூத்தவர், என்ன தகராறு அங்கே என்று கேட்டார். தகராறு என்ற சொல் அந்த இடத்தில் விழக்கூடாத சொல். பாயைச் சுருட்டும் ஒலி கேட்டது. அவர்கள் எழுந்து போகத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நம்மிடம் எதையோ மறைத்தவர்கள் நாளை ஊசியில் எதை மறைத்துக் கொண்டுவருவார்களோ என்று ஒருவர் சொன்னால் போதும், காலையில் ஒரு கையும் நீளாது. கால்வாய்த் தண்ணீர் யாருக்காகவும் நிற்காது. யாருடைய மனம் நோகக்கூடாது என்று கோலை உயர்த்தினேனோ, அவர்களைத்தான் அந்தக் கோல் அவமதித்துவிட்டது. இனிப் பொய் சொல்ல எனக்கு வழியும் இல்லை, மனமும் இல்லை.

அந்த ஈ தோளிலிருந்து துண்டை எடுத்துக் கக்கத்தில் வைப்பதுபோல ஒரு காட்சி இருக்கிறது, உங்களுக்கு வருத்தமாக இருக்குமோ என்று அஞ்சி மறைக்கச் சொன்னேன் என்று உரக்கச் சொன்னேன். இரு தரப்பாரும் கேட்கும்படி, அந்தக் களத்தில்.

பனையடியிலிருந்து பதில் வந்தது. “வருத்தப்படணுமா வேண்டாமான்னு நாங்க பாத்துட்டுச் சொல்லுகோம். போடுங்க.”

படத்தை அந்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். பிலிமைக் கழற்றி மாட்ட நண்பருக்குப் பொறுமை இல்லையோ, அல்லது அந்தக் கணத்தில் அவருக்குள் இருந்த குறும்பு விழித்துக்கொண்டதோ, தகட்டைத் தூக்கிவிட்டுக் கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கினார்.

திரையில் ஈ, கஞ்சியிலிருந்து காலை எடுத்தது. குடித்த கஞ்சி அதன் வாயிலிருந்து ஒழுங்காகக் கலயத்துக்குத் திரும்பியது. வளைந்த முதுகு நிமிர்ந்தது. கை கக்கத்துக்குள் போயிற்று. துண்டு வெளியே வந்தது, மடிப்பு விரிந்தது, தானாகவே எழும்பித் தோளில் ஏறி உட்கார்ந்தது. ஈ ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு, தோளில் துண்டோடு, மார்பை நிமிர்த்தி, வந்த வழியே பின்னோக்கி நடந்து வாசலைத் தாண்டிப் போயிற்று.

“அப்படிப் போடு மக்கா” என்றாள் நடவுக்காரி. “அது அங்கேயே கெடக்கட்டும்.”

அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது? முதலில் பாயில் தொடங்கியது. பனையடிக்குப் போயிற்று. சிவப்புக்கரைத் துண்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். துண்டை எடுத்துப் பழகிய முதியவர்கள், சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்து, பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். நாற்காலிகளில் சத்தம் இல்லை. சிரிப்பும் ஒரு களத்தில் அடிதடியைத் தொடங்கி வைக்கும் என்பதை நான் அறிவேன்.

நண்பர் மறுபடி முன்பக்கமாகச் சுற்றினார். இம்முறை நான் கோலைத் தரையில் ஊன்றிவிட்டேன். ஈ வந்தது, கையைத் தேய்த்தது, துண்டை எடுத்தது, கக்கத்தில் இடுக்கியது, குனிந்தது. நானும் என் நண்பரும் காலை முழுவதும் பார்த்தும் பார்க்காத ஒன்றை அவர்கள் பார்த்தார்கள். நாங்கள் குனிகிறவனைப் பார்த்தோம். அவர்கள் அவன் எதன் முன்னால் குனிகிறான் என்று பார்த்தார்கள்.

“ஏட்டி, பாத்தியா? நம்ம கஞ்சிக் கலயத்துக்கு முன்னால துண்டை எடுக்கான்” என்றாள் அவள், பக்கத்திலிருந்தவளின் தொடையில் தட்டி. பிறகு அதே மூச்சில் திரையைப் பார்த்து, “குனிஞ்சு நின்னாலும் ஒரு பருக்கை கெடையாது உனக்கு. கலயத்தை மூடுங்கட்டி, அவன் வெளியிலேயே நிக்கட்டும்.”

நான் பல ஆண்டுகளாகப் பேசியும் சொல்ல முடியாததை அவள் சொல்லிவிட்டாள். படத்தின் முடிவில், மூடிய கலயத்தில் மூக்கை இடித்துக்கொண்டு ஈ உட்கார்ந்து அழும்போது, களத்தின் பின்பாதி முழுவதும் அதற்கு ஏதாவது ஒரு புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தது. முன்பாதியிலும் சில இளைஞர்கள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் எழுந்து போகும்போது என் அருகே நின்று, “உம்ம ஈ எங்க ஊர்க்காரன் போலிருக்கு” என்று மட்டும் சொன்னார். அது வேடிக்கையா, எச்சரிக்கையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிரவு ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் படுத்திருந்த நான், அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டு விடியும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். குடிசைப் பக்கம் நாய் குரைத்தபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் நண்பர் நன்றாக உறங்கினார்.

காலையில் டாக்டர் மாட்டுவண்டியில் வந்து, களத்தின் ஓரத்தில் மேசை போட்டார். முந்திய மாலை நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்கு நேரமும் கிடைக்கவில்லை. யாரையும் காணவில்லை. நான் குடிசைகளின் பக்கம் நடந்தேன். வாசல்களில் கலயங்கள் இருந்தன. ஒன்றின் வாயில் தேங்காய்ச் சிரட்டை கவிழ்ந்திருந்தது. அடுத்ததில் ஓலைத் துண்டும் அதன் மேல் ஒரு கல்லும். அதற்கடுத்ததில் ஒரு பழைய மண்சட்டி. ஒரு வீட்டில் மட்டும் திறந்திருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு உள்ளிருந்து ஒரு கை வந்து மூடியது. நான் திரும்பி வந்தபோது மேசைக்கு முன்னால் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். நடவுக்காரி தன் கூட்டத்தை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், உண்மைதான், ஒரு நாள் படுக்கவேண்டியிருக்கும் என்று மறைக்காமல் சொன்னேன். ஒரு நாள் படுத்தால் நடவு ஓடிப்போகாது என்று அவள் எனக்கே ஆறுதல் சொன்னாள்.

பிறகு சிவப்புக்கரைத் துண்டுக்காரரின் முறை வந்தது. டாக்டர் தலை நிமிராமலே ஊசியைத் துடைத்துக்கொண்டு, துண்டை எடு என்றார். ஊசி போடவேண்டிய இடம் தோளுக்குச் சற்றுக் கீழே. துண்டு அதை மறைத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அந்தச் சொல்லில் அவருக்கு ஒரு பொருளும் இல்லை. ஆனால் பின்னால் நின்றவர்களின் பேச்சு ஒரே கணத்தில் நின்றது. நான் வாயைத் திறந்தேன். அவருக்காக நான் ஏதாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. முந்திய மாலை நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு இருந்தது. துண்டை எடுத்தார், நிதானமாக உதறினார், மறு தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். வரிசையிலிருந்து ஒரு குரல், “ஈ இதைக் கத்துக்கிடணும் மக்கா” என்றது. டாக்டர், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். வண்டியில் போகும்போது சொல்கிறேன் என்றேன்.

நோய் அந்த ஊருக்கும் வந்தது. வராமல் இருக்கவில்லை. நிலக்காரர்கள் டாக்டரைத் தங்கள் வீடுகளுக்கு வரவழைத்து ஊசி போட்டுக்கொண்டார்கள். குடிசைகளில் சிலர் படுத்தார்கள். மேற்புறத்து ஊரில் நடந்ததுபோல நடக்கவில்லை. அதற்கு ஊசி எவ்வளவு காரணம், மூடிய கலயம் எவ்வளவு காரணம், சிரிப்பு எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல நான் துணியமாட்டேன்.

அதன் பின் அந்தப் படத்தைப் பல ஊர்களில் காட்டினோம். துண்டுக் காட்சியை ஓர் இடத்திலும் மறைக்கவில்லை. புதிதாக ஏதேனும் வரைந்தால், கேமராவுக்குக் கொண்டுபோகும் முன், அந்தத் தாள்களை யாருக்காக வரைந்தோமோ அவர்கள் கையில் கொடுத்து விசிறிப் பார்க்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறேன்.